அண்டாவோடு ஆளந்திக்கு

திங்கள் இரவு, ஓசூர்

எங்கள் பஜனை கோஷ்டியில் நூறு பேருக்கு மேல் ரயிலில் புனே போய் இறங்குகிறார்கள். நானும் ராவ் மாமாவும் டிரைவர் முருகேசனும் மட்டும் ஈச்சர் லாரியில் வருகிறோம். புனே பக்கத்து ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை, மராத்தி மகான் ஞானேஸ்வரரின் பாதுகை ஏறிய பல்லக்கோடு சுமார் 250 கிலோமீட்டர் நடை. அத்தனை நாளும் நம் ஊர்ச் சாப்பாடுதான் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. சாப்பாடு என்றால் அண்டா, அடுப்பு, கிரைண்டர், ஜெனரேட்டர், அரிசி, பருப்பு. இதெல்லாம் ரயிலில் ஏறாது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் சாமானோடு போகிற வேலை என் தலையில் விழுந்தது. உண்மையில் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏசி கோச்சில் படுத்துக்கொண்டு போய் இறங்கினால் நடுவில் இருக்கிற ஊரெல்லாம் வெறும் ஸ்டேஷன் போர்டு.

ராவ் மாமாதான் எங்கள் சமையல்காரர். ஏகோஜி 1676 வாக்கில் தஞ்சாவூரைப் பிடித்த பிறகு மகாராஷ்டிரத்திலிருந்து வந்து காவிரிக்கரையில் தங்கிவிட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. வீட்டில் இன்னமும் தஞ்சாவூர் மராத்திதான் பேசுகிறார்கள். ஆனால் மாமா மகாராஷ்டிர மண்ணை மிதித்ததே இல்லை. சென்னையைத் தாண்டி வடக்கே ஒரு தடவை திருப்பதி போயிருக்கிறார், அவ்வளவுதான்.

நேற்று சாமான் ஏற்றினபோது பார்த்தேன், அவருக்கு அதற்கென்று ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அடியில் அரிசிச் சிப்பம். அதன்மேல் துவரம்பருப்பு, கொண்டைக்கடலை மூட்டைகள். அண்டாவை அண்டாவுக்குள் இறக்கி, நடுவே கோணி திணித்து, சத்தம் வராமல் கட்டினார். புளிக்காய்ச்சல் ஜாடிகள் உள் அண்டாவில், வைக்கோலுக்கு நடுவில். அப்பளக் கட்டு மட்டும் பின்னால் போகக்கூடாது என்று கேபினில் என் காலடியில் வைத்துவிட்டார். காலை நீட்ட வழியில்லை. "அப்பளம் உடைஞ்சா மறுபடி ஒட்ட வைக்க முடியாது ஓய், முட்டி வலிச்சா தைலம் தேச்சுக்கலாம்."

அரிசி எவ்வளவு என்று கமிட்டியில் நடந்த சண்டையையும் அவர்தான் தீர்த்து வைத்தார். "கல்யாணத்துக்கு ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்குக் காணும். நடக்கிற ஜனம் அப்படியில்லை. முதல் ரெண்டு நாள் கால்வலியில ஒருத்தரும் சரியாச் சாப்பிட மாட்டா. அப்புறம் ஆறு பேருக்கு ஒரு கிலோ. வாரம் தாண்டிடுத்துன்னா அஞ்சு."

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, மேற்கே போக வேண்டிய வண்டி முதலில் கிழக்கே போனது. கோவிந்தபுரத்தில் நாமசங்கீர்த்தன குரு போதேந்திராளின் அதிஷ்டானத்தில் ஒரு நமஸ்காரம் பண்ணாமல் எங்கள் கோஷ்டி எங்கேயும் போவதில்லை. கதவு திறந்திருக்கவில்லை, வாசலிலேயே விழுந்து கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருப்பினோம்.

தஞ்சாவூர், திருச்சி எல்லாம் தெரிந்த பாதை. நாமக்கல்லில் முருகேசன் கேட்காமலே நிறுத்திவிட்டார். லாரிக்கு பாடி கட்டுகிற ஊர். சேஸிஸாக வருகிற வண்டி இங்கேயிருந்து பெட்டியும் பெயின்டும் கண்ணாடிப் பொட்டுமாகப் போகும். "நம்ம தார்பாய் பழசு சார், அந்தப் பக்கம் மழை ஆரம்பிச்சிருக்கும், இன்னொண்ணு வாங்கிடுங்க" என்றார். விலையைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது. வாங்கினேன்.

தொப்பூர் கணவாயில் எங்களுக்கு ஏற்றம், பயமில்லை. எதிரே தருமபுரியிலிருந்து சுமையோடு இறங்குகிற லாரிகளைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. பிரேக் தேய்கிற நாற்றம் எங்கள் கேபின் வரை வந்தது. முருகேசன் அந்த நாலு கிலோமீட்டரும் பேசவே இல்லை. மேலே வந்ததும் ரேடியோ போட்டார்.

செவ்வாய் இரவு, ஹூப்ளி

அத்திப்பள்ளி தாண்டி, பெங்களூருக்குள் போகாமல் நைஸ் ரோட்டைப் பிடித்து, தும்கூர் ரோட்டில் ஏறினோம். காசு அதிகம்தான். ஆனால் பெங்களூர் நெரிசலில் அரை நாளைத் தொலைப்பதற்கு இது மேல்.

தும்கூரில் தட்டு இட்லி. சிரா, ஹிரியூர் எல்லாம் வறண்ட பூமி. சித்ரதுர்கா வந்ததும் மலை மலையாகக் காற்றாலைகள், அதற்குப் பின்னால் பாறையோடு பாறையாக ஏழு சுற்றுக் கோட்டை. ஹைதர் அலியின் ஆட்கள் பாறை இடுக்கில் ஒவ்வொருவராக நுழைய, ஓபவ்வா என்கிற காவல்காரன் மனைவி உலக்கையாலேயே அவர்களைத் தீர்த்துக்கட்டினாள் என்று சொல்கிற இடம். ஏறிப் பார்க்க ஆசைதான். அரிசி வண்டியை ரோட்டில் விட்டுவிட்டுக் கோட்டை பார்க்கிற யோகம் எனக்கு இல்லை.

தாவணகெரேயில் வெண்ணெய் தோசை சாப்பிட்டோம். ராவ் மாமா பக்கத்துத் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். மாவில் பொரி அரைத்துச் சேர்க்கிறார்கள், கல்லில் வெண்ணெயை அள்ளிப் போடுகிறார்கள், சட்னி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. இரண்டு சாப்பிட்டுவிட்டு, "தோசை நன்னாத்தான் இருக்கு. சாம்பார் இல்லாம ஒரு ஊர் எப்படி ஓய் காலம் தள்றது?" என்றார்.

ஹாவேரிக்கு முன்னால் மோட்டேபென்னூரில் திரும்பி பியாடகிக்குப் போனது இன்றைய பெரிய வேலை. திட்டத்தில் இல்லாதது. மிளகாய் வாங்காமல் இந்த வழியாகப் போகமுடியாது என்று மாமா ஒரே பிடி. சீசன் முடிந்துவிட்டது, இப்போது வருவதெல்லாம் குளிர்சாதனக் கிடங்குச் சரக்கு. ஒரு மண்டியில் சாக்கைப் பிரித்துக் காட்டினார்கள். நீள நீளமாக, தோல் முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக, கருஞ்சிவப்பு மிளகாய். மாமா ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். காம்பைக் கிள்ளினார். இரண்டாக ஒடித்து விதையை உள்ளங்கையில் தட்டி எண்ணுகிறவர் மாதிரி பார்த்தார். தோலை விரலில் வைத்துத் தேய்த்துவிட்டு விரலை என்னிடம் நீட்டினார். குங்குமம் இட்டுக்கொண்ட மாதிரி சிவப்பு.

"இதுல காரம் கம்மி, கலர் ஜாஸ்தி. நம்ம குண்டு மிளகாயைப் போட்டு சாம்பார் வெச்சா, பக்கத்துத் திண்டிக்காரா சாப்பிட வந்தா கண்ணுல ஜலம் விட்டுண்டு ஓடிடுவா." திண்டி என்றால் பல்லக்கோடு சேர்ந்து நடக்கிற ஒரு கோஷ்டி.

கடைக்காரர் கட்டி, டப்பி என்று இரண்டு ரகம் காட்டினார். டப்பி கொஞ்சம் குட்டை, தடிமன், விலையும் கூட. இந்த மிளகாயின் நிறத்தைப் பிழிந்தெடுத்து உதட்டுச் சாயத்துக்குக்கூட அனுப்புகிறார்களாம். மாமா கட்டியில் பத்து கிலோ வாங்கினார். மிளகாய் சாக்கும் கேபினுக்குள்தான் வந்தது. இப்போது அப்பளம் காலடியில், மிளகாய் மடியில். மூன்று பேரும் ஹூப்ளி வரை தும்மிக்கொண்டே வந்தோம்.

புதன் இரவு, மிரஜ்

தார்வாடில் பேடா, கித்தூரில் ராணி சென்னம்மா சிலைக்கு ஒரு கும்பிடு, பெல்காமில் டீ. 1824-இல் கித்தூர் சண்டையில் தார்வாட் கலெக்டர் தாக்கரே செத்துப்போன கதையை முருகேசனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவருக்கு அதைவிட மழை மேகம்தான் முக்கியமாகப் பட்டது.

கோலாப்பூர் போய் அம்பாபாயைத் தரிசனம் செய்துவிட்டு நேரே சாதாரா போவதாகத்தான் இருந்தது. நிப்பாணியில் நான் வண்டியை வலது பக்கம் திருப்பச் சொன்னேன். அங்கலி என்கிற ஊரைப் பற்றிப் படித்த நாளாக அங்கே போக ஆசை. போன் மேப்பில் இரண்டு அங்கலி வருகிறது, ஒன்று சாங்லிக்குப் பக்கத்தில். நமக்கு வேண்டியது பெல்காம் மாவட்டத்தில் சிக்கோடி தாண்டி, கிருஷ்ணா நதிக்கரையில் இருக்கிறது.

விஷயம் இதுதான். பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற வாரி பழைய வழக்கம். பாதுகையைப் பல்லக்கில் வைத்து எடுத்துப் போவதைத் துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685-இல் ஆரம்பித்தார். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரர் பல்லக்கைத் தனியாக, இன்று இருக்கிற ராணுவ ஒழுங்கோடு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புறப்படச் செய்தவர் ஹைபத்ராவ் பாபா. சாதாரா பக்கத்து ஆர்பள் கிராமத்துக்காரர், குவாலியர் சிந்தியாவிடம் உத்தியோகம் பார்த்தவர். அவருக்குக் குதிரையும் கூடாரமும் கொடுத்து உதவியவர்கள் அங்கலியின் சிதோளே சர்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை வருஷா வருஷம் அங்கலியிலிருந்து இரண்டு குதிரைகள் ஆளந்திக்குப் போகின்றன. லாரியில் ஏற்றுவதில்லை. சுமார் 300 கிலோமீட்டர், நடந்தே போகின்றன. பல்லக்குப் புறப்படுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னாலேயே கிளம்பிவிடும்.

எங்களுக்கு முன்னோடி யாரென்று பார்க்க வேண்டாமா?

சிதோளே குடும்பத்து மாளிகையான வாடாவின் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. கன்னடமும் மராத்தியும் ஒரே வாக்கியத்தில் வருகிற ஊர். ராவ் மாமா முதல்முறையாக வாயைத் திறந்தார். குதிரை எங்கே என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் கையில் இருந்த கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். மாமா சொன்னார். பெரியவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமாவின் மராத்தியில் முந்நூற்றைம்பது வருஷத்துப் பழையது பாதி, தமிழ் பாதி. ஆனால் புரிந்துவிட்டது. தஞ்சாவூர் என்றதும் பெரியவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். டீக்குக் காசு வாங்கவில்லை.

குதிரைகள் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறதாம். மிரஜ், சாங்லி, சாதாரா வழி. "நாளைக்குள் பிடித்துவிடுவீர்கள், புனேக்கு முன்னால் எங்கேயாவது இருக்கும்" என்றார். அவர் சொன்ன பாதையிலேயே போவோம் என்று முடிவு செய்தோம். கோலாப்பூர் அம்பாபாயிடம் மனதிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கிருஷ்ணா பாலத்தைத் தாண்டி மிரஜுக்கு வந்து சேர்ந்தோம்.

மிரஜில் எனக்கு ஒரு சொந்த வேலையும் இருந்தது. கோஷ்டி பாகவதரின் தம்பூரா லாரியில்தான் வருகிறது. இரண்டு மாதமாக அதன் சுநாதம் போய், தந்தி செத்த மாதிரி ஒலித்துக்கொண்டிருந்தது. மிரஜ் என்றால் சிதாரும் தம்பூராவும் செய்கிற ஊர். 2024-இல் இரண்டுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு காலத்தில் வாளும் ஈட்டியும் தீட்டிக்கொண்டிருந்த குடும்பங்கள், ஆயுதத்துக்கு வேலை இல்லாமல் போனதும் வாத்தியத்துக்கு மாறியவர்கள். ஒரு பட்டறையில் கொண்டுபோய் வைத்தேன். இளைஞர் ஒருவர் தந்திகளைத் தளர்த்தி, அவற்றைத் தாங்குகிற பாலத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். தந்தி உரசி உரசி நாலு பள்ளம். ஒரு சின்ன அரத்தால் நாலு இழுப்பு, விரல் நுனியால் தடவல், மறுபடி இரண்டு இழுப்பு. திரும்ப மாட்டி, தந்திக்கு அடியில் நூலைச் செருகி, முடி அளவு நகர்த்தினார். மீட்டினதும் பட்டறை முழுக்க ரீங்காரம். முருகேசன்கூட நிமிர்ந்து பார்த்தார்.

நம் தஞ்சாவூர் வீணைக்குப் பலாமரம் மாதிரி இந்தத் தம்பூராவுக்குச் சுரைக்காய்தான் உயிர். கூரையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய்ந்த சுரைக்குடுக்கைகள் தொங்கின. எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டேன். பண்டரிபுரம் பக்கத்திலிருந்தாம். நாங்கள் கும்பிடப் போகிற ஊரில் காய்த்ததைத்தான் பாகவதர் இத்தனை வருஷமாக மடியில் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார்.

சாயங்காலம் மீரா சாஹிப் தர்காவுக்குப் போனேன். ஹிந்துஸ்தானி சங்கீதத்தில் கிரானா கரானா என்கிற பாணியின் பாடகர் அப்துல் கரீம் கான் அங்கேதான் அடங்கியிருக்கிறார். 1937-இல் சென்னையில் பாடிவிட்டுப் புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது உடம்பு சரியில்லாமல் சிங்கப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்திலேயே உயிரை விட்டார். அந்த ஸ்டேஷனை எத்தனையோ தரம் தாண்டிப் போயிருக்கிறேன். அவரைத் திரும்ப இத்தனை தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

வியாழன் இரவு, புனேயின் ஓரத்தில்

சாங்லியில் மஞ்சள் வாசனை. ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது, இந்த ஊரும் மஞ்சளில் பெரிய கை. முன்பு ஹரிபூரில் பூமிக்கு அடியில் குழி தோண்டி மஞ்சளைக் கொட்டி வருஷக்கணக்கில் பாதுகாப்பார்களாம்.

பேட் நாக்காவில் மறுபடி தேசிய நெடுஞ்சாலை 48. கராட் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நாமக்கல் தார்பாயை முருகேசன் ஏற்கனவே இழுத்துக் கட்டியிருந்தார். பழைய தார்பாய் சாதாராவுக்கு முன்னால் காற்றில் கிழிந்து கொடி மாதிரி பறந்தது. அடியில் புதுசு இருந்ததால் அரிசி தப்பித்தது. முருகேசன் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியில் மட்டும் ஒரு பார்வை.

இந்த நெடுஞ்சாலையில் இன்று நிறையப் பேர் எங்களோடு வந்தார்கள். காவிக்கொடி கட்டின டிராக்டர்கள், தண்ணீர் டேங்கர்கள், கூடாரத் துணியும் கம்பும் ஏற்றின டெம்போக்கள், பால் கேன்கள். ஒரு டெம்போவில் ரொட்டி சுடுகிற பெரிய இரும்புக் கல் எங்கள் அண்டா மாதிரியே கோணியில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. லட்சக்கணக்கான பேர் நடக்கிறார்கள் என்று டிவியில் காட்டுவார்கள், டிரோனில் எடுத்த படம் போடுவார்கள். அவர்களுக்கு முன்னால் போய் அடுப்பு மூட்டி, கூடாரம் அடித்து, குடிதண்ணீர் நிரப்பி வைக்கிற இந்தப் பட்டாளத்தை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. டீக்கு நிறுத்தின இடத்தில் எல்லாரும் ஒருவருக்கொருவர் எந்த நம்பர் திண்டி என்று கேட்டுக்கொண்டார்கள். பல்லக்கு வரும் ரதத்துக்கு முன்னால் இருபத்தேழு திண்டிகள், பின்னால் நூற்றுக்கணக்கில். எங்களைப் பின்னால் நடக்கச் சேர்த்துக்கொண்ட திண்டியின் நம்பரைச் சொன்னதும் ஒரு டிராக்டர்காரர், "அவங்க சமையல்காரர் நல்லவர், விறகு கேட்டா கொடுப்பார்" என்றார். இதற்குமேல் என்ன அறிமுகம் வேண்டும்?

கம்பாட்கி சுரங்கம், அதைத் தாண்டி ஆளை அடிக்கிற எஸ் வளைவு. சாரோளாவில் நீரா நதி. இதே நதியில் கீழே நீரா ஊரில்தான் வழியில் பாதுகைக்கு ஸ்நானம் செய்விப்பார்கள்.

நதியைத் தாண்டி வெகுதூரம் போனபிறகு, ரோட்டோரம் கூட்டம். முருகேசன் இண்டிகேட்டர் போட்டுவிட்டார்.

இரண்டு குதிரைகள், ஒரு மரத்தடியில். ஒன்றின்மேல் கொடி பிடிக்கிறவர் ஏறி வருவார். இன்னொன்றின்மேல் யாரும் ஏறுவதில்லை. முதுகில் சேணமும் பட்டுத்துணியும் மட்டும். அதில் மாவுலி, அதாவது ஞானேஸ்வரரே, உட்கார்ந்து வருவதாக ஐதீகம். மழையில் நனைந்து கழுத்து மயிர் திரிதிரியாக ஒட்டியிருந்தது. இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது தெரிகிறது, அதுவும் களைத்துத்தான் போயிருக்கிறது. ஒரு பின்னங்காலை மடக்கி, குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி, எடையை மற்றக் காலில் போட்டு நின்றது. பெண்கள் வந்து குளம்படி மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். அது ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது, எல்லார் மேலும் தண்ணீர்.

ராவ் மாமா ஓடிப்போய் லாரியிலிருந்து ஒரு அச்சு வெல்லம் எடுத்து வந்தார். குதிரைக்காரர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். அங்கலியிலிருந்து வழியெல்லாம் ஆளுக்கு ஒரு பிடி வெல்லம் கொடுத்தால் ஆளந்தி போவதற்குள் குதிரைக்கு வயிறு கட்டிக்கொள்ளுமாம். மாமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. குதிரைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, என்ன வண்டி என்று விசாரித்தார். சமையல் வண்டி என்றதும், கடலை இருக்கிறதா என்று கேட்டார். மாமா கொண்டைக்கடலை மூட்டையைப் பிரித்து ஒரு படி நிறைய அளந்து கொடுத்தார். ஊற வைத்து ராத்திரி தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மாமா அங்கேயே ஈர மண்ணில் விழுந்து நமஸ்காரம் செய்தார். குதிரைக்கா, குதிரைமேல் இருக்கிறவருக்கா என்று நான் கேட்கவில்லை. மூட்டையில் ஒரு படி குறைந்ததை மட்டும் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

வெள்ளி இரவு, ஆளந்தி

நேற்றே ஊருக்குள் போய்விடலாம் என்று நினைத்தோம். போலீஸ் பாஸ் இல்லாத வண்டிக்கு வழியில்லை. திண்டிக்காரர்கள் பாஸ் கொண்டுவந்து கொடுக்கும்வரை காலை முழுதும் புறவழியில் நின்றோம். முருகேசன் தூங்கினார். மாமா கேபினிலேயே உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளினார்.

ஆளந்தி சின்ன ஊர். இன்றைக்கு அதற்குள் எத்தனை பேர் என்று யாராலும் எண்ண முடியாது. இந்திராயணிப் படித்துறை முழுக்க வெள்ளைத் தொப்பி, துளசி மாலை, நெற்றியில் கோபி சந்தனம். நதியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மேலே உள்ள தொழிற்பேட்டைகளின், நகரத்தின் கழிவெல்லாம் இதில்தான் சேர்கிறது. நீர் மேல் வெள்ளையாக நுரை மிதந்தது. அந்த நுரையைக் கையால் விலக்கிவிட்டு ஒரு கிழவி முங்கி எழுந்தாள். எனக்கு மனசு வரவில்லை, தலையில் தெளித்துக்கொண்டேன்.

1296-இல், இருபத்தொரு வயதில், ஞானேஸ்வரர் உயிரோடு சமாதியில் அமர்ந்த இடம். பகவத் கீதைக்கு மராத்தியில் ஞானேஸ்வரி எழுதும்போது அவருக்குப் பதினைந்து வயது. தகப்பனார் சந்நியாசம் வாங்கிவிட்டுக் குடும்பத்துக்குத் திரும்பி வந்தவர் என்பதற்காக நிவிருத்தி, ஞானதேவ், சோபான், முக்தாபாய் என்று நாலு குழந்தைகளையும் ஊர் தள்ளி வைத்தது. சாங்கதேவர் புலிமேல் ஏறி வந்தபோது நாலு பேரும் உட்கார்ந்திருந்த மண்சுவரையே நகர்த்திக்கொண்டு எதிரே போனார்கள் என்று சொல்கிற சுவரையும் பார்த்தேன். அன்று ஒதுக்கி வைத்த குடும்பம். இன்று அந்த ஊரில் காலை வைக்க இடமில்லை.

சமாதி தரிசன வரிசை எத்தனை மணிநேரம் என்று ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை. வரிசையின் வாலைக்கூட நான் கண்டுபிடிக்கவில்லை. மகாத்வாரத்தில் ஹைபத்ராவ் பாபாவின் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

கோஷ்டி மத்தியானம் வந்து சேர்ந்தது. ரயிலில் ஏசி வேலை செய்யவில்லை என்று புகார், காபி சரியில்லை என்று புகார். மாமா மூன்று மணிக்கு டிகாக்‌ஷன் இறக்கினதும் புகாரெல்லாம் அடங்கியது. பாகவதர் தம்பூராவை மீட்டிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கே ஓய் பண்ணினீர்?" மிரஜ் என்றேன். "செலவு?" சொன்னேன். "கமிட்டி கணக்கில எழுதாதீர், நான் தரேன்" என்றார். ஏற்கனவே எழுதியாகிவிட்டது, அடித்துத் திருத்தினேன்.

சனி இரவு, ஆளந்தி

சாயங்காலம் பிரஸ்தானம், அதாவது பல்லக்குப் புறப்பாடு. முக்கியமான திண்டிகளை மட்டும்தான் கோவிலுக்குள் விடுகிறார்கள், நாங்கள் வெளியே தெருவில். டாள் என்கிற ஜால்ராவும் பக்வாஜ் மத்தளமும் சேர்ந்து ஒலிக்கிறபோது தரை அதிர்வது செருப்பில்லாத காலுக்குத் தெரிகிறது. ஒரு கட்டத்தில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் மேலே திரும்பியது. சமாதிக் கோவில் கலசம் அசைந்தால் மாவுலி புறப்படச் சம்மதித்துவிட்டதாக நம்பிக்கை. அசைந்தது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்கு முன்னால் ஒரு கொடி மறைத்தது. குதிரைகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோவிலுக்குள் போனதை மட்டும் நன்றாகப் பார்த்தேன். ராவ் மாமா சமையலை விட்டு வரவில்லை, "நான்தான் அப்பவே பாத்துட்டேனே" என்றார்.

பல்லக்கு இன்றிரவு கோவிலுக்குப் பக்கத்தில், பாட்டனார் வீடு என்று சொல்கிற இடத்தில் தங்குகிறது. நாளைக் காலை புனே நோக்கி நடை. லாரி எங்களோடு வராது, ராத்திரி இரண்டு மணிக்கே வேறு வழியாகப் போய் நாங்கள் தங்கும் பள்ளிக்கூடத்தில் அடுப்பு மூட்டியாக வேண்டும். கணக்கு நோட்டைக் கோஷ்டியில் ஒரு இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டேன், நாளையிலிருந்து நான் நடக்கிற கட்சி. பக்கத்துத் திண்டிச் சமையல்காரர் வந்து விறகு வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா அவருக்கு ஒரு தூக்கு சாம்பார் கொடுத்தனுப்பினார். நாளைக் காலை ரவா உப்புமா, மத்தியானம் புளியோதரை, கட்டுச்சாதமாக. அப்பளம் ஒன்றுகூட உடையவில்லை.